மறுப்பவருக்கும் ஒரு விலை வேண்டும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "இரண்டாவது அவை, மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை, நீதிமன்ற மறுஆய்வு, பொதுவாக்கெடுப்பு என்று ஜனநாயகப் பாதுகாப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் புதிய கொள்கை எதுவும் நிறைவேறுவதில்லை. குறைத்தால், அன்றைக்குப் பெரும்பான்மை வைத்திருப்பவர் நினைத்ததெல்லாம் சட்டமாகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே சரியான அளவு எது?"

சரியான அளவு என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பலர் இதைத் தராசாகப் பார்க்கிறார்கள். ஒரு தட்டில் பாதுகாப்பு, மறு தட்டில் வேகம். ஒன்று தாழ்ந்தால் மற்றது உயரும். நாடாளுமன்றங்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இந்தக் கணக்கு இடிக்கிறது. பாதுகாப்பும் இல்லாமல் வேகமும் இல்லாமல் அழிந்த நாடு உண்டு. இரண்டும் ஓரளவுக்குக் கைகூடிய நாடுகளும் உண்டு. எத்தனை பூட்டு என்று எண்ணிக்கொண்டிருப்பதால் பயனில்லை. பூட்டுகிறவர் அதற்காக என்ன விலை கொடுக்கிறார், பூட்டு எத்தனை நாளைக்கு, எந்தக் கதவில் என்ற மூன்றையும் பார்த்தால் விடை தெளியத் தொடங்கும்.

முதலில், அழிந்த அந்த நாட்டைப் பார்ப்போம். போலந்து-லித்துவேனியப் பொதுநலநாட்டின் அவையில் 'லிபெரும் வீட்டோ' என்றொரு வழக்கம் இருந்தது. எந்த ஓர் உறுப்பினரும் எழுந்து "நான் அனுமதிக்கவில்லை" என்று சொன்னால் போதும். எதிர்த்த மசோதா மட்டுமல்ல, அந்தக் கூட்டத்தொடரில் அதுவரை நிறைவேறிய எல்லாமே செல்லாமல் போகும். 1652-ல் ஒரே ஓர் உறுப்பினர் அவையின் காலத்தை நீட்டிக்க மறுத்து எழுந்து போனார். கூட்டத்தொடர் வெறுங்கையோடு கலைந்தது. அதன்பின் அது பழக்கமாகிவிட்டது. மூன்றாம் அகஸ்டஸ் அரசராக இருந்த முப்பது ஆண்டுகளில், 1736-ல் கூடிய ஒரே ஒரு கூட்டத்தொடர்தான் சட்டம் இயற்றி முடிந்தது.

இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்திய பிரபுக்கள் முட்டாள்கள் அல்லர். ஒருவரின் சுதந்திரத்தைக்கூட மற்றவர் எல்லாரும் சேர்ந்து பறிக்க முடியாது என்பது கேட்பதற்கு அழகான கொள்கை. நடைமுறையில் அந்த ஒருவரை விலைக்கு வாங்கினால் போதும் என்று ஆயிற்று. பக்கத்து நாடுகள் அதைத்தான் செய்தன. படை திரட்டவும் வரி விதிக்கவும் அவையால் முடியவில்லை. 1791 மே 3-ஆம் நாள் வந்த புதிய அரசமைப்பு அந்த வழக்கத்தை ஒழித்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. 1772, 1793, 1795 என்று மூன்று தவணைகளில் நாடே பங்குபோட்டுக்கொள்ளப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரி, வெளியுறவு போன்றவற்றுக்கு இன்றும் எல்லா உறுப்பு நாடுகளின் ஒப்புதலும் தேவை. அங்கே ஒரு நாடு தனக்குத் தொடர்பே இல்லாத விஷயத்தில் கையெழுத்திட மறுத்து, வேறெதிலோ சலுகை கேட்கும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய அவைதான் நினைவுக்கு வருகிறது. ஒருமனதாக என்ற விதி, கடைசியாகச் சம்மதிப்பவருக்குக் கிராக்கியை ஏற்றிவிடும்.

விலை என்று நான் சொல்வதைத் துல்லியமாகக் காட்டுவது அமெரிக்க செனட்டின் கதை. ஃபிலிபஸ்டர், அதாவது பேச்சை முடிக்காமல் நீட்டி வாக்கெடுப்பைத் தடுப்பது, என்றதும் பலருக்கு நினைவு வருவது, ஒரு செனட்டர் விடிய விடிய நின்றுகொண்டு பேசும் காட்சி. 1957-ல் குடிமை உரிமை மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். மசோதா அப்படியும் நிறைவேறியது. 1964-ன் பெரிய குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மார்ச் இறுதியிலிருந்து ஜூன் வரை அவையை இழுத்தடித்தார்கள். ஜூன் 10-ஆம் நாள் 71-க்கு 29 என்ற வாக்கில் விவாதம் முடித்துவைக்கப்பட்டது. அவர்கள் எதிர்த்த நோக்கம் அசிங்கமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த நாட்களில் எதிர்ப்பதற்கு உடல் தேவைப்பட்டது, நேரம் தேவைப்பட்டது, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. இரண்டுமே சீர்திருத்தம் என்ற பெயரில்தான் வந்தன. 1970-களின் தொடக்கத்தில், தடைபட்ட மசோதாவை ஒரு தடத்தில் நிறுத்திவைத்துவிட்டு அவை வேறு வேலைகளைப் பார்க்கலாம் என்ற இரட்டைத் தட முறை ஏற்பட்டது. அவை முடங்கக் கூடாது என்பதே எண்ணம். விளைவு, தடுப்பவர் நின்று பேசத் தேவையில்லாமல் போனது. தடுக்கப் போவதாகச் சொன்னாலே போதும். 1975-ல் விவாதத்தை முடிக்கத் தேவையான வாக்கு குறைக்கப்பட்டது. அதுவரை அவைக்கு வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது. இனி மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 100-ல் 60. எண்ணைப் பார்த்தால் தளர்வு போலத் தெரிகிறது. சற்று உற்றுப் பாருங்கள். பழைய விதியில் எதிர்ப்பவர்கள் அவையில் வந்து உட்கார வேண்டும். வராவிட்டால் வாக்களிப்பவர்களின் மொத்த எண்ணிக்கை குறைந்து அவர்களே தோற்பார்கள். புதிய விதியில் 60 பேரும் வந்தாக வேண்டியது ஆதரிப்பவர்கள்தான். எதிர்க்கும் 41 பேர் வீட்டில் தூங்கலாம். சுமை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறிவிட்டது. நாளடைவில் சாதாரண மசோதாவுக்கும் 60 வாக்கு என்பது எழுதப்படாத சட்டமாயிற்று.

சரி, தடை அதிகமானால் கொள்கைகள் நின்றுவிடுமா? நிற்பதில்லை என்பதுதான் பலரும் தவறவிடும் இடம். மடையை அடைத்தால் நீர் கரையைத் தேடும். அதே செனட்டில், வரவு செலவு தொடர்பானவற்றுக்கு ஃபிலிபஸ்டர் கிடையாது என்று 1974-ன் பட்ஜெட் சட்டம் ஒரு சிறு வாசலைத் திறந்துவைத்தது. இன்று பெரிய சமூகக் கொள்கைகள் எல்லாம் பட்ஜெட் வேடம் பூண்டு அந்த வாசல் வழியே நெருக்கியடித்துக்கொண்டு நுழைகின்றன. அதிலும் நுழைய முடியாதவை அதிபரின் ஆணைகளாக வருகின்றன. அடுத்த அதிபர் வந்த முதல் நாளே ஒரு கையெழுத்தில் அவற்றை அழிக்கிறார். பாதுகாப்பு என்று வைத்தது, விவாதமே இல்லாத இடத்துக்கு முடிவுகளைத் தள்ளிவிட்டது.

இதன் மிக மோசமான வடிவம், ஜெர்மனியில் ஹிட்லருக்கு முன்பிருந்த வைமார் குடியரசு. அங்கே முடக்கம் வந்தது கடும் விதிகளால் அல்ல. அரசைக் கவிழ்க்க மட்டும் ஒன்றுசேர்ந்து, ஆளச் சேராத பெரும்பான்மையால் வந்தது. ஆனால் அடைபட்ட நீர் போன பாதை அதேதான். அரசமைப்பின் 48-ஆம் பிரிவு, நெருக்கடியில் அதிபர் ஆணை பிறப்பிக்கலாம் என்றது. 1930 முதல் பிரதமர் ப்ரூனிங்கின் அரசு அதை வைத்தே ஆண்டது. 1932-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவசர ஆணைகளோ ஐம்பதைத் தாண்டின. ஹிட்லர் பதவிக்கு வந்தபோது, நாடாளுமன்றம் இல்லாமலே ஆட்சி நடக்கும் என்பது மக்களுக்கு ஏற்கெனவே பழகிப்போயிருந்தது.

இந்தியாவின் அவசரச் சட்டங்கள் வேறொரு பாடம். சட்டமன்றம் கூடாத நேரத்தில் ஆளுநர் வழியாக அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். அவை கூடி ஆறு வாரத்தில் அது காலாவதியாகும். பீகாரில் 1967-லிருந்து 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் வந்தன. காலாவதியாகும் தறுவாயில் அவற்றையே மறுபடி மறுபடி பிறப்பித்து, சிலவற்றைப் பதினான்கு ஆண்டுகள் வரை உயிரோடு வைத்திருந்தார்கள். 1986 டிசம்பரில் வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அரசமைப்பின் மீதான மோசடி என்று கடிந்தது. அங்கே சட்டமன்றத்தை யாரும் அடைத்துவைக்கவில்லை. முன்வாசல் வழியாக வருவதைவிடச் சுற்றிப் போவது மலிவாக இருந்தது, அவ்வளவுதான். ஆகவே தடுப்பவருக்கு மட்டுமல்ல, குறுக்கு வழியில் போகிறவருக்கும் விலை வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் மற்றதில் ஒழுகும்.

இதுவரை படித்தவர்கள், நான் தடைகளுக்கே எதிரி என்று நினைக்கலாம். இல்லை. தடையே இல்லாத நாட்டையும் பார்த்துவிடுவோம். நியூசிலாந்து 1950-ல் தன் மேலவையை ஒழித்துவிட்டது. எழுதிவைத்த ஒற்றை அரசமைப்புச் சட்டம் கிடையாது, சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்குக் கிடையாது. ஒரே அவையில் பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சி நினைத்ததைச் செய்யலாம். 1984-ல் வந்த தொழிற்கட்சி அரசு சில ஆண்டுகளுக்குள் விவசாய மானியங்களை வெட்டியது, நாணய மதிப்பைச் சந்தையிடம் விட்டது, பொருள் மற்றும் சேவை வரியைக் கொண்டுவந்தது. 1990-ல் வந்த மறு கட்சியும் வேகத்தைக் குறைக்கவில்லை. அந்தக் கொள்கைகள் நல்லவையா கெட்டவையா என்பதில் பொருளாதாரம் படித்தவர்களே இரு அணி. ஆனால் வாக்காளர்கள் தங்களிடம் கேட்காமல் எல்லாம் நடந்துவிட்டதாக உணர்ந்தார்கள். 1993 பொதுவாக்கெடுப்பில், தனிக்கட்சிப் பெரும்பான்மை எளிதில் கிடைக்காத விகிதாசாரக் கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். உலகின் மிக வேகமான சட்டமன்றங்களில் ஒன்றுக்கு அதன் மக்களே கடிவாளம் போட்டார்கள். கவனிக்க வேண்டியது, அவர்கள் மேலவையைத் திரும்பக் கொண்டுவரவில்லை. தனி அதிகாரமுள்ள தடை எதையும் உருவாக்கவில்லை. சட்டம் இயற்றப் பலர் சேர வேண்டும் என்று ஆக்கினார்கள். தடுக்கும் கையைக் கூட்டுவதும், சேர வேண்டிய கைகளைக் கூட்டுவதும் ஒன்றுபோலத் தெரியும். முன்னதில் ஒருவர் தனியே நின்று முடக்கலாம். பின்னதில் அவரை விட்டுவிட்டு வேறொருவரோடு கூட்டுச் சேரலாம். எனவே யாருக்கும் மிதமிஞ்சிய கிராக்கி இல்லை.

இனி எந்தக் கதவில் பூட்டு என்ற கேள்வி. என் பதிலின் மையம் இதுதான். ஆட்டத்தின் விதி வேறு, ஆட்டம் வேறு. தேர்தல் எப்போது, யாருக்கு வாக்கு, தொகுதி எல்லையை யார் வரைவது, நீதிபதியை யார் நீக்கலாம், பேசவும் எழுதவும் கூடவும் உள்ள உரிமை: இவை விதிகள். வரி எவ்வளவு, ஓய்வூதிய வயது என்ன, பள்ளிக்கு எவ்வளவு பணம்: இவை ஆட்டம். விதியை மாற்றுவது கடினமாக இருக்கட்டும். ஆட்டத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். இயற்றுவதும் எளிதாக இருக்கட்டும், பிறகு நீக்குவதும் எளிதாக இருக்கட்டும்.

பல நாடுகள் இதைத் தலைகீழாகச் செய்துவைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் மாநில பட்ஜெட்டுக்கு 1930-களிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. 1978-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 13-ஆம் முன்மொழிவு, வரி உயர்த்தவும் அதே அளவைக் கட்டாயமாக்கியது. பல ஆண்டுகளில் பட்ஜெட் தாமதம். 2009 ஜூலையில் மாநில அரசு கொடுக்க வேண்டிய பணத்துக்குப் பதில் கடன் சீட்டுகளைக் கொடுத்தது. அதே மாநிலத்தில் ஒரு தேர்தலில் மக்கள் வாக்கில் சாதாரணப் பெரும்பான்மை கிடைத்தால் மாநிலத்தின் அரசமைப்பையே திருத்திவிடலாம்! ஆட்டத்துக்கு இரும்புப் பூட்டு, விதிக்குக் கொக்கி. 2010-ல் ஒருவழியாக பட்ஜெட்டைச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றலாம் என்று வாக்காளர்கள் மாற்றினார்கள். அதோடு அவர்கள் சேர்த்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: கெடுவுக்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது.

ஹங்கேரி இன்னொரு தலைகீழ். 2010 தேர்தலில் ஃபிடெஸ் கட்சியின் அணிக்குப் பாதியைச் சற்றே தாண்டிய வாக்குகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடங்களும் கிடைத்தன. 2011-ல் புதிய அரசமைப்பு இயற்றினார்கள். தேர்தல் முறையோடு, ஓய்வூதியத்தின் அடிப்படை, வரியின் அடிப்படை போன்றவற்றையும் மூன்றில் இரண்டு பங்கு இல்லாமல் தொட முடியாத சட்டங்களுக்குள் வைத்தார்கள். பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் சிறுபான்மையைக் காக்கும் வேலி என்று நினைக்கிறோம். ஒரு தேர்தலில் வென்றவர் தன் விருப்பத்தை அடுத்த பல தேர்தல்களுக்கும் பூட்டிவைக்க அதே வேலி உதவும். பூட்டு யாருடைய காலத்தில் போடப்பட்டது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்றில் இரண்டு என்ற எண் மீது பலருக்கு ஒரு மந்திர நம்பிக்கை உண்டு. 1933 மார்ச் 23-ல் ஜெர்மன் நாடாளுமன்றத்தையே தேவையற்றதாக்கிய அதிகாரமளிப்புச் சட்டத்துக்கும் மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. கிடைத்தது: 444-க்கு 94. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள், மண்டபத்துக்குள் சீருடை அணிந்த கட்சிப்படையினர் நின்றார்கள், எதிர்த்து வாக்களித்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். உறுப்பினர் உயிருக்கு அஞ்சாமல் அவைக்கு வர முடியாதபோது, மூன்றில் இரண்டு என்ற எண்ணால் எதையும் காக்க முடியாது.

போருக்குப் பின் ஜெர்மானியர்கள் செய்தது, இந்தத் துறையில் நான் பார்த்த மிகப் புத்திசாலித்தனமான வேலைகளில் ஒன்று. 1949-ன் அடிப்படைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவுப்படி, நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருபவர்கள் அதே தீர்மானத்தில் அடுத்த பிரதமரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். "இவர் வேண்டாம்" என்று மட்டும் சொல்ல முடியாது. "இவர் வேண்டும்" என்றும் சொல்லியாக வேண்டும். 1972-ல் வில்லி பிராண்டைக் கவிழ்க்க முயன்ற பார்ட்செலுக்கு 249 வாக்கு தேவை, 247 கிடைத்தது. 1982-ல் இதே வழியில் ஹெல்முட் கோல் வென்றார். எதிர்க்கட்சியின் உரிமை பறிக்கப்படவில்லை. மறுப்பதற்கு ஒரு விலை வைக்கப்பட்டது: மாற்று ஒன்றைக் காட்டு. ஸ்பெயினும் 1978 அரசமைப்பில் இதை எடுத்துக்கொண்டது. 2018-ல் ஆட்சி மாறியதும் இவ்வழியில்தான்.

பிரான்ஸின் 49-ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு இதற்கு அண்ணன் தம்பி உறவு, ஆனால் குணம் வேறு. பன்னிரண்டே ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட அரசுகள் வந்து போன நான்காம் குடியரசைப் பார்த்து அலுத்தவர்கள் 1958-ல் எழுதியது. பிரதமர் ஒரு மசோதாவுக்குத் தன் அரசையே பணயம் வைக்கலாம். நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறாவிட்டால், மசோதா மீது வாக்கெடுப்பே இல்லாமல் அது நிறைவேறியதாகிவிடும். 2023-ல் ஓய்வூதிய வயதை 62-லிருந்து 64-ஆக்கிய மசோதா இப்படித்தான் போனது; தீர்மானம் ஒன்பது வாக்கில் தோற்றது. 2024 டிசம்பரில் அதே கருவியைக் கையிலெடுத்த பார்னியே அரசு கவிழ்ந்தது. அரசு தன் கழுத்தையே நீட்டுகிறது என்பதால் விலை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 2008-ல் ஒரு கூட்டத்தொடரில் நிதி மசோதாக்கள் போக ஒரே ஒரு மசோதாவுக்குத்தான் என்று சுருக்கியதும் நல்லதே. ஆனால் ஒரு சட்டம் அவையில் வாக்கே பெறாமல் சட்டமாவதை மக்கள் மன்னிப்பதில்லை. தெருவில் வெடித்த போராட்டங்களில் பார்த்தோம்.

எனக்கு முன்மாதிரி என்று ஒன்றைக் கேட்டால் டென்மார்க்கைச் சொல்வேன். 1953-ல் மேலவையை ஒழித்தபோது, அந்த இழப்புக்கு ஈடாக ஒரு விதி வைத்தார்கள்: நிறைவேறிய மசோதாவை, 179 உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் மக்களின் வாக்கெடுப்புக்கு அனுப்ப வேண்டும். வரியும் பட்ஜெட்டும் இதில் அடங்கா. இந்த ஏற்பாட்டின் நேர்த்தியைப் பாருங்கள். சிறுபான்மைக்கு மசோதாவைக் கொல்லும் அதிகாரம் இல்லை. மக்களிடம் எடுத்துப் போகும் அதிகாரம் மட்டுமே. போய்த் தோற்றால் அவமானம் அவர்களுடையது. 1963-ல் நான்கு நிலச் சட்டங்களை எதிர்க்கட்சியினர் இப்படி அனுப்பினார்கள். மக்கள் நான்கையும் நிராகரித்தார்கள். அந்த ஒரு முறைக்குப் பிறகு அது பயன்படுத்தப்படவே இல்லை. உறையில் இருக்கும் வாள்தான், ஆனால் அதைப் பார்த்தே ஆளுங்கட்சி பெரிய சட்டங்களுக்கு முன்கூட்டியே எதிர்க்கட்சியோடு உட்கார்ந்து பேசிவிடுகிறது. பேச்சு நடந்துவிட்டால் அனுப்ப வேண்டிய தேவையும் எழுவதில்லை.

பொதுவாக்கெடுப்பு எல்லாவற்றுக்கும் மருந்து என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 100 நாட்களுக்குள் 50,000 கையெழுத்து சேர்த்தால் எந்தச் சட்டத்தையும் வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். அரசமைப்புத் திருத்தம் என்றால் கட்டாயம் போக வேண்டும். அதனால் அங்கே நிறைவேறும் சட்டங்கள் நன்றாக வேரூன்றுகின்றன. ஆனால் கணக்கின் மறுபக்கம்: பெண்களுக்கு வாக்குரிமை தர 1959-ல் ஆண் வாக்காளர்கள் மறுத்தார்கள், 1971-ல்தான் சம்மதித்தார்கள். மகப்பேறு காப்பீட்டுக்கு அரசமைப்பில் 1945-லேயே இடம் ஒதுக்கப்பட்டது. பலமுறை தோற்று, நடைமுறைக்கு வந்தது 2005-ல். இடையிலிருந்த அறுபது ஆண்டுகளில் பிள்ளை பெற்ற பெண்கள் அந்த 'நிதான'த்துக்குக் கொடுத்த விலை எந்தப் புள்ளிவிவரத்திலும் பாதுகாப்பின் செலவாகக் காட்டப்படுவதில்லை. எதையும் செய்யாமல் இருப்பதும் ஒரு கொள்கைதான். அதற்கு யாரும் வாக்களிக்கவில்லை என்பதுதான் வேறுபாடு. "மாற்றம் வேண்டாம், பாதுகாப்பாக இருப்போம்" என்று ஒருவர் சொல்லும்போது, யாருக்குப் பாதுகாப்பு என்று உடனே கேட்டுவிடுங்கள்.

காலக்கெடு பற்றியும் கொஞ்சம். அவசரத்தில் இயற்றும் சட்டத்துக்கு முடிவு தேதி வைப்பது நல்ல யோசனை. 2020-ல் பிரிட்டனின் கொரோனா சட்டம் சில நாட்களில் நிறைவேறியபோது இரண்டு ஆண்டு கெடு வைத்தார்கள். ஆனால் முடிவு தேதி தானாக எதையும் முடிப்பதில்லை. 2001 அக்டோபரில் வந்த அமெரிக்காவின் தேசபக்திச் சட்டத்தில் கண்காணிப்பு தொடர்பான சில பிரிவுகள் 2005 இறுதியில் காலாவதியாக வேண்டியவை. நீட்டித்தார்கள், மறுபடி நீட்டித்தார்கள், 2015-ல் சிறிது மாற்றி மேலும் நீட்டித்தார்கள். மிஞ்சியவை உண்மையில் காலாவதியானது 2020 மார்ச்சில். நீட்டிக்க வேண்டுமானால் முழு விவாதமும் நடந்தாக வேண்டும், பழைய சட்டம் என்ன பலன் தந்தது என்ற அறிக்கை மேசைக்கு வந்தாக வேண்டும் என்று சேர்த்து எழுதாவிட்டால், கெடு என்பது சம்பிரதாயக் கையெழுத்தாகிவிடும்.

காகிதத்தில் உள்ள பாதுகாப்பை நம்பி ஏமாற வேண்டாம் என்பதற்கு இன்னொரு சிறு குறிப்பு. இரண்டு அவை, நிலைக்குழு, மூன்று வாசிப்பு எல்லாம் இருந்தும், கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்ற நிலையில் உறுப்பினர் சொன்னபடி கை தூக்குபவராகத்தான் இருப்பார். இந்தியாவில் 1985-ன் கட்சித்தாவல் தடைச் சட்டம் நோக்கத்தில் சரியானது. ஆட்கள் விலைபோவதைத் தடுக்க வந்தது. ஆனால் அரசின் ஆயுளுக்குத் தொடர்பில்லாத சாதாரண மசோதாவிலும் அது பொருந்துவதால், மசோதாவின் தலைவிதி அவைக்கு வருமுன்பே எழுதப்பட்டுவிடுகிறது. நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதி மசோதாவுக்கும் மட்டும் கொறடாவை வைத்துக்கொண்டால், புதிதாக ஒரு பூட்டும் போடாமல் ஒரு பாதுகாப்பு கூடியிருக்கும்.

நீதிமன்றம் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். அங்கே கனடாவின் வழி எனக்கு ஒத்துப்போகிறது, சில தயக்கங்களோடு. 1982 உரிமைப் பட்டயத்தின் 33-ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் என்ன சொன்னாலும் ஒரு சட்டம் செல்லும் என்று சட்டமன்றம் அறிவிக்கலாம். ஆனால் அந்த அறிவிப்பின் ஆயுள் ஐந்து ஆண்டு. அதற்குள் ஒரு தேர்தல் வந்தே தீரும். வேண்டுமானால் புதிய அவை புதிதாக அறிவிக்கட்டும். உரிமைப் பட்டயம் என்ன சொன்னாலும் இந்தச் சட்டம் செல்லும் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பதே அதன் விலை. கியூபெக் மாகாணம் 2019-ல் அரசு ஊழியர்களின் மத அடையாளங்கள் குறித்த சட்டத்துக்கு இதைத் தொடக்கத்திலேயே கையாண்டபோது, அந்த விலை போதவில்லையோ என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அந்தப் பிரிவை எழுதியவர்கள் முக்கியமான ஒரு கதவைச் சாத்தியே வைத்தார்கள்: வாக்குரிமையையும், அவையின் ஆயுள் ஐந்து ஆண்டுதான் என்பதையும் 33-ஆம் பிரிவால் தொட முடியாது.

இதே கோடு அதற்கு எழுபது ஆண்டு முன்பு பிரிட்டனில் போடப்பட்டது. 1909-ல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜின் பட்ஜெட்டைப் பிரபுக்கள் அவை நிராகரித்தது. 1910-ல் இரண்டு தேர்தல்கள் நடந்தன. 1911-ல் நாடாளுமன்றச் சட்டம் வந்தது. அதன்படி நிதி மசோதாவைப் பிரபுக்கள் ஒரு மாதம் நிறுத்தலாம், மற்றவற்றை இரண்டு ஆண்டு. 1949-ல் அது ஓர் ஆண்டாகக் குறைந்தது. அழிக்கும் அதிகாரம் போய், ஆறப்போடும் அதிகாரம் எஞ்சியது. அந்த ஓராண்டு சும்மா கழிவதில்லை. பத்திரிகைகள் எழுதும், தொழிற்சங்கங்கள் பேசும், மசோதாவின் ஓட்டைகள் வெளிவரும், அரசே தன் மசோதாவைத் திருத்தும். அப்படியும் வேண்டும் என்றால் கீழவை மறுபடி நிறைவேற்றிக்கொள்ளலாம். முக்கியமான ஒரு வகை மசோதாவில் பிரபுக்களின் முழுத் தடையதிகாரம் இன்றும் அப்படியே இருக்கிறது: நாடாளுமன்றத்தின் ஆயுளை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீட்டிக்கும் மசோதா.

ஆகவே உங்கள் நாட்டின் ஏதாவது ஒரு தடையை எடுத்து வைத்துக்கொண்டு இது இருக்கலாமா போகலாமா என்று நீங்கள் கேட்டால், நான் முதலில் பார்ப்பது, அடுத்த தேர்தல் குறித்த நாளில் நேர்மையாக நடக்கும் என்று தோற்கிற கட்சியும் நம்புகிறதா என்பதைத்தான். நம்புகிறது என்றால் வரி, ஓய்வூதியம், பட்ஜெட் மீதுள்ள பூட்டுகளில் பாதியைக் கழற்றச் சொல்வேன். தவறான சட்டம் வந்தால் நான்கைந்து ஆண்டில் நீக்கிக்கொள்ளலாம். அந்த நம்பிக்கை இல்லாத நாட்டில், எனக்கே எரிச்சலூட்டும் மேலவையைக்கூட இப்போதைக்குத் தொட வேண்டாம் என்பேன்.